100 கிரெயினா, 125 கிரெயினா? கனடாப் பெறாமகனின் அம்புத்தலைப் பிரச்சினை

உப்புவெளி_வில்லன் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வில்லன் என்றால் வில் பிடிக்கிறவன், படத்தில் வருகிற ஆள் இல்லை, புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

ஒன்ராறியோவில் இருக்கிற அண்ணரின் மகன் இந்த ஒக்டோபரில் முதல் தடவையாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறான். அங்கே அதற்கென்று இருக்கிற வகுப்பை முடித்து, அட்டை, லைசென்ஸ் எல்லாம் எடுத்துவிட்டான். கொம்பவுண்ட் வில், அதாவது கப்பி வைத்தது, இழுவை 60 இறாத்தல், இழுநீளம் 28 அங்குலம். காபன் அம்பு, 28 அங்குலத்தில் வெட்டியது, ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு எண், 400. இரண்டு மாதமாக 100 கிரெயின் (முனையின் எடை, கிராமை விடச் சின்ன அளவு) கூர்முனை போட்டுப் பழகி 30 யாரில் தேநீர்த் தட்டு அளவுக்குள் எல்லா அம்பையும் வைக்கிறான். இப்போது புரோட்ஹெட், அதாவது அலகு வைத்த வேட்டை முனை வாங்கப் போன கடையில் ஒருவர், மானுக்குப் பாரம் கூடினால்தான் நல்லது, 125 எடு என்று சொல்லியிருக்கிறார். இவன் 100இல் ஒரு பக்கெட், 125இல் ஒரு பக்கெட் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து "சித்தப்பா எதைப் போட?" என்று என்னைக் கேட்கிறான். நான் வாழ்நாளில் வைக்கோல் பலகையைத் தவிர வேறொன்றுக்கும் அம்பு விட்டதில்லை.

என்னிடம் இருக்கிற சாதாரண முனைகளைப் பட்டணத்தில் தெரிந்த நகைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்த்தேன். 100 என்று போட்டது மூன்றும் 6.47, 6.51, 6.44 கிராம். 125 போட்டவை 8.09, 8.14, 8.02. பத்தர் சிரித்துக்கொண்டு "தம்பி, இது சரியாக ஒரு பவுன்" என்றார். ஒரு பவுனுக்கும் முக்கால் பவுன் சொச்சத்துக்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாவெளி_தூண்டில் (செவ்வாய், இரவு 10.15)

அம்பு தெரியாது, ஈயம் தெரியும். நீரோட்டம் இழுக்கிற நாளில் பாரமான ஈயம் கட்டினால் நேராக இறங்கும், அது உண்மை. ஆனால் மெல்லிய தங்கூசியில் பெரிய ஈயத்தைக் கட்டி வீசினால் வீசுகிற இடத்திலேயே அறுந்து ஈயம் தனியாகப் பறக்கும். முன்னால் பாரம் ஏற்றினால் அதைப் பின்னால் தாங்குகிற சாமானும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அம்பிலும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

---

கோணேசர்_வாசல் (புதன், காலை 6.05)

காலையிலேயே இதை வாசித்து மனம் கெட்டுப்போனது. நேற்றும் கோயிலுக்கு ஏறும்போது பிரட்றிக் கோட்டைக்குள் ஒரு பெட்டைப் புள்ளிமான் என் கையில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு வாங்கித் தின்றது. நம்முடைய திருகோணமலையில் மான் பஸ் நிலையத்தடியில் ஆட்களோடு ஆளாக நிற்கிறது, குப்பையில் பொலித்தீனைத் தின்று வயிறு ஊதிச் சாகிறது, அதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை. இங்கே அதை எந்த இரும்பால் குத்தலாம் என்று தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

---

உப்புவெளி_வில்லன் (புதன், காலை 7.30)

அக்கா, உங்கள் கோபம் நியாயம். இங்கே மானைத் தொட்டால் சட்டப்படி குற்றம், வனசீவராசிகள் திணைக்களம் பிடித்தால் உள்ளேதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நான் கேட்பது அங்கே அரசாங்கம் அனுமதிச் சீட்டுக் கொடுத்து, இன்ன பகுதியில் இன்ன நாட்களில் என்று கணக்குப் பார்த்து விடுகிற வேட்டையைப் பற்றி. அவன் எப்படியும் போகத்தான் போகிறான். பிழையான முனையைப் போட்டு, ஒரு மிருகம் காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் கிடந்து சாகக் கூடாது என்பதுதான் என் பயம். பொலித்தீன் விசயத்துக்கு ஒரு தனி இழை திறவுங்கள், முதல் ஆளாக வந்து எழுதுகிறேன்.

---

பனிக்காடு (புதன், இரவு 8.50)

லிங்கநகர்ப் பெடியன், இப்போது ஒன்ராறியோ. எட்டு வருடமாக வில்லோடு காட்டுக்குப் போகிறேன். தூண்டில் அண்ணை தன்னை அறியாமலே சரியான விடையைச் சொல்லிவிட்டார்.

வில்லை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. பின்னால் நாண் தள்ளுகிறது, முன்னால் முனை அசைய மாட்டேன் என்று நிற்கிறது, நடுவில் தண்டு வளைந்து நெளிந்துதான் கிளம்பும். ஸ்பைன் 400 என்றால் என்ன தெரியுமா? 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் தண்டு 0.400 அங்குலம் தொய்யும். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். அதே தண்டில் முன்னால் பாரத்தைக் கூட்டினால், பறக்கும்போது அது தன் எண்ணை விட மெலிந்த தண்டு போல நடந்துகொள்ளும். கம்பனிகள் தருகிற அட்டவணையில் 60 இறாத்தல், 28 அங்குல அம்பு, 100 கிரெயின் முனைக்குப் பெரும்பாலும் 400தான் போட்டிருப்பார்கள். 125 போட்டால் அதே பெடியன் 340க்கும் 400க்கும் நடுவில் நிற்கிறான்.

கூர்முனை என்றால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது, பின்னால் இருக்கிற இறகு இழுத்து நேராக்கிவிடும். அலகு முனையில் அப்படி இல்லை, முன்னுக்கும் மூன்று இறகு பூட்டியது மாதிரி. அம்பு கொஞ்சம் சரிந்து கிளம்பினாலும் அந்த அலகு காற்றைப் பிடித்துத் தன் பக்கத்துக்குத் திருப்பும். 20 யாரில் கூர்முனை நடுவில் குத்தும், அதே எடை அலகு முனை நாலு அங்குலம் தள்ளிக் குத்தும். ஆட்கள் முனை சரியில்லை என்று வேறு முனை வாங்கப் போவார்கள்.

இன்னொன்று. இங்கே மானுக்கு வில்லின் இழுவை குறைந்தது 18 கிலோ இருக்க வேண்டும், முனை அதன் அகலமான இடத்தில் குறைந்தது 22 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், கூரான அலகு குறைந்தது இரண்டு. முனை இத்தனை கிரெயின் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை.

---

ஓர்ஸ்ஹில்_வாத்தியார் (வியாழன், காலை 10.20)

ஓய்வு பெற்ற பிறகு கணக்கு விடுவதற்கு ஒரு சாட்டு கிடைத்தது. வில்லன் தம்பியிடம் தனிமடலில் விவரம் வாங்கினேன். தண்டு அங்குலத்துக்கு 8.5 கிரெயின், 28 அங்குலத்துக்கு 238. நாணில் கொளுவுகிற நொக் 10, இறகு மூன்றும் 18, உள்ளே ஒட்டுகிற திருகுக்குழல் 20. மொத்தம் 286. அதோடு 100 சேர்த்தால் 386, 125 சேர்த்தால் 411.

பெடியன் அங்கே வேகம் அளக்கிற கருவியில் விட்டுப் பார்த்திருக்கிறான். 386க்கு செக்கனுக்கு 265 அடி, 411க்கு 258 அடி. எடையைக் கிரெயினிலும் வேகத்தை அடியிலும் வைத்து, எடை தர வேக வர்க்கத்தை 450240ஆல் வகுத்தால் சக்தி அடி இறாத்தலில் வரும். முதலாவதுக்கு 60.2, இரண்டாவதுக்கு 60.8. ஒரு வீதம்தான் கூடியிருக்கிறது! இதற்குத்தான் கடைக்காரர் பக்கெட்டை மாற்றச் சொன்னாரா? உந்தத்தைப் பார்த்தால், எடை தர வேகத்தை 225400ஆல் வகுக்க வேண்டும், 0.454இலிருந்து 0.470. அது மூன்றரை வீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஊடுருவுகிற விசயத்தில் உந்தம்தான் கூடப் பேசும் என்பதால் 125 பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மானுக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 25 முதல் 41 அடி இறாத்தல். அவன் இரண்டிலும் தாராளமாகத் தாண்டி நிற்கிறான்.

வேகம் குறைந்தால் மான் சத்தம் கேட்டுக் குனிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 20 யார் என்பது 60 அடி. நாணின் சத்தம் அங்கே போய்ச் சேர 0.05 செக்கன் சொச்சம். 386 கிரெயின் அம்புக்கு 0.226, 411க்கு 0.233. எதைப் போட்டாலும் சத்தம் முந்திவிடும். இரண்டு அம்புக்கும் இடையில் 6 மில்லி செக்கன், அதற்குள் மான் கண்ணைக்கூட இமைக்காது.

---

கிண்ணியா_லேத் (வியாழன், பின்னேரம் 4.45)

வாத்தியார் சேர், கணக்கு நல்லம். ஆனால் நான் யூடியூப்பில் இந்த வில்காரர்களைப் பார்க்கிறவன், அதில் 650 கிரெயின் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எட் ஆஷ்பி என்கிற அமெரிக்கர் 1980களில் தென்னாபிரிக்காவின் நட்டாலில் மிருகங்களில் அம்பு விட்டுப் பார்த்து, எலும்பை உடைத்துப் போக மொத்த அம்பு 650 கிரெயினுக்குக் கிட்ட இருக்க வேண்டும், முன்பாரம் நிறைய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் 125உம் போதாது, 200, 300 என்று போக வேண்டும். நான் லேத்தில் பித்தளையில் திருகுக்குழல் கடைந்து தருகிறேன், 75 கிரெயின் வரும், தபாலில் அனுப்பு.

---

பனிக்காடு (வியாழன், இரவு 9.30)

நானா, ஆஷ்பி சொன்னதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்ததில் பெரிய, எலும்பு கனத்த மிருகங்கள் நிறைய. எருமை, மூஸ் என்று போனால் நானும் பாரமான அம்பைத்தான் எடுப்பேன். வெள்ளைவால் மானின் விலா எலும்பு அவ்வளவு பெரிய சாமான் இல்லை. 400 ஸ்பைன் தண்டில் 75 பித்தளையும் 200 முனையும் ஏற்றினால் அது வில்லை விட்டு வெளிக்கிடும்போதே பாம்பு மாதிரி நெளியும். பாரம் வேண்டுமென்றால் தண்டையும் மாற்ற வேண்டும், குறிக்கம்பியை மாற்ற வேண்டும், ஒக்டோபருக்கு எத்தனை கிழமை இருக்கிறது?

இதைச் சொல்லாமல் போனால் சரியில்லை என்பதால் என் சொந்தக் கதையையும் எழுதுகிறேன். இரண்டாவது வருடம் நான் 125தான் போட்டேன், விரிந்து திறக்கிற வகை. கிழமைக்கணக்காக ஸ்பொஞ் பலகையில் அதே மூன்று முனையால் பழகிவிட்டு, துடைத்து, அதையே காட்டுக்குக் கொண்டுபோனேன். 18 யார், மான் பக்கவாட்டில் நின்றது, அடியும் பட்டது, நான் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால். அம்பு பாதிதான் இறங்கியது. அரை மணித்தியாலம் இருந்து இறங்கிப் பார்த்தேன், இரத்தம் துளித்துளியாகத்தான். சருகில் டோர்ச் அடித்து அடித்து நடுச்சாமம் வரை தேடினோம். காலையில் இரண்டு நண்பர்களோடு மறுபடியும். கிடைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மிச்ச முனையை எடுத்து முழங்கை மயிரை வழித்துப் பார்த்தேன். ஒரு மயிர் விழவில்லை. பலகையில் நூறு தடவை போன அலகு எப்படிக் கூராக இருக்கும்? அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு பவுன் எடைக் கட்டை இரும்பு. அதற்குப் பிறகு பழகுகிற முனை வேறு, காட்டுக்குக் கொண்டுபோகிற முனை வேறு. காட்டுமுனை பக்கெட்டை விட்டு வெளியே வருவது இரண்டு மூன்று தடவை சரி பார்க்க மட்டும், பிறகு புது அலகு. கோணேசர் வாசல் அக்கா இதை வாசித்தால் திட்டுவார், திட்டட்டும்.

---

கோணேசர்_வாசல் (வெள்ளி, காலை 6.20)

திட்டவில்லை. தேடிக் கிடைக்காததைச் சொன்னீர்களே, அதற்காக.

---

கொட்டியாரத்துப்_பேத்தி (வெள்ளி, முற்பகல் 11.10)

சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், மூதூர்க்காரி என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை. 1660இல் எங்கள் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டிக்குக் கொண்டுபோகப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் அச்சிட்ட புத்தகத்தில் வேடரின் அம்பு பற்றி ஒரு விசயம் இருக்கிறது. வேடருக்கு அம்புத்தலை தேவைப்பட்டால் இரவில் இறைச்சியைச் சுமந்து வந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுவிட்டு, தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் ஒரு இலையை வெட்டிப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த இலையைப் பார்த்துச் செய்து வைப்பான். இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி என்று ஒன்றுமில்லை.

வெருகல் பக்கம் கரையோர வேடர் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, வில்லை விட்டுவிட்டு வலைக்கும் வயலுக்கும் போய்விட்டார்கள். பனிக்காடு சொன்ன 22 மில்லிமீற்றர் சட்டத்தை வாசித்ததும் எனக்கு அந்த இலைதான் நினைவுக்கு வந்தது.

---

கிண்ணியா_லேத் (வெள்ளி, பின்னேரம் 3.30)

பேத்தி, அந்தக் கொல்லன் கெட்டிக்காரன். என்னிடம் ஆட்கள் உடைந்த சாமானைக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்றுதான் சொல்கிறார்கள், இலை வெட்டித் தந்தால் எவ்வளவு சுகம்.

---

உப்புவெளி_வில்லன் (சனி, இரவு 8.00)

இன்றைக்கு விடிய ஐந்தே முக்காலுக்கே மைதானத்துக்குப் போனேன். கச்சான் காற்று தொடங்கினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது, எட்டு மணிக்குப் பிறகு அம்பு எங்கே போகிறது என்று காற்றைத்தான் கேட்க வேண்டும். என்னுடையது 30 இறாத்தல் சாதாரண வளைந்த வில், விரலால் விடுவது, நான் வலக்கைக்காரன். பனிக்காடு சொன்னதைக் கண்ணால் பார்க்க ஆசை. இறகு இல்லாத மொட்டை அம்பு இரண்டு, இறகு உள்ளது மூன்று.

100 முனையில் 20 யாரில் மொட்டை அம்பு இரண்டும் மற்ற அம்புகளோடு சேர்ந்தே குத்தின, ஒரு விரலிடை வலப்பக்கம். அப்படியே 125ஐத் திருகினேன். இறகுள்ள மூன்றும் கொஞ்சம் கீழே, ஆனால் ஒன்றாகத்தான் நின்றன. மொட்டை அம்பு பலகையின் வலது விளிம்பில், வால் சரிந்தபடி. அடுத்ததும் அங்கேயே. பலகையில் அது சரிந்து நிற்கிற விதத்தைப் பார்த்தாலே விளங்கிவிட்டது. இறகு இருந்தபடியால்தான் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வெறும் 1.6 கிராம்!

முன்பாரம் எத்தனை வீதம் என்றும் அளந்து பார்க்கச் சொன்னேன் அவனை. அம்பை விரலில் வைத்துச் சமன் பார்த்து, நொக்கின் குழியிலிருந்து அந்த இடம் வரை அளந்து, தண்டின் பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுப்பது. 100க்கு 17.5 அங்குலத்தில் சமன் வந்ததாம், 125க்கு 18.2.

---

ஓர்ஸ்ஹில்_வாத்தியார் (சனி, இரவு 8.25)

அப்படியென்றால் முன்பாரம் 12.5 வீதம், மற்றது 15. வேட்டை அம்புக்கு 10 முதல் 15 என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் எல்லைக்குள். இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

---

பனிக்காடு (சனி, இரவு 11.15)

வில்லன் அண்ணை, கவனம், உங்கள் வளைவில்லில் மொட்டை அம்பு வலப்பக்கம் போனால் மெலிவு என்று சொல்வது சரி. அவனுடைய கொம்பவுண்டில், கையில் பிடிக்கிற விசைக்கொளுவியால் விடும்போது இடம் வலம் அவ்வளவு நேர்மையாகப் பேசாது, பிடியின் முறுக்கும் அதில் கலந்துவிடும். அதனால் அவனை அலகு முனையையே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 20 யாரில் கூர்முனை ஒன்று, அதே எடையில் அலகு முனை ஒன்று. ஒரே குறியில் இரண்டையும் விட வேண்டாம், அலகு பக்கத்து அம்பின் இறகை வெட்டிவிடும். அலகு முனை இடப்பக்கம் குத்தினால் அம்புதாங்கியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அதாவது கூர்முனை நிற்கிற பக்கத்துக்கு. நகர்த்துவது ஒரு மயிரிழை, அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒன்று, அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். முதலில் முனைகளைத் திருகிச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டும், மேசையில் நுனியை ஊன்றிச் சுழற்றினால் கழுத்து ஆடக் கூடாது. ஆடினால் அந்த ஒன்றை ஒதுக்கி வைக்கட்டும்.

---

உப்புவெளி_வில்லன் (திங்கள், காலை 7.10)

முடிவு வந்துவிட்டது. நேற்று எங்களுக்கு இரவு, அவனுக்குப் பகல், வீடியோ அழைப்பில் நானும் நின்றேன், அண்ணி பின்னால் தேநீரோடு.

சுழற்றிப் பார்த்ததில் 100 பக்கெட்டில் மூன்றும் நல்லம். 125இல் ஒன்று ஆடியது, ஒதுக்கினோம். 30 யாரில் 125 அலகு முனை கூர்முனைக்கு ஐந்து அங்குலம் வலப்பக்கம். தாங்கியை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்தான், மூன்றரைக்கு வந்தது, அதற்குப் பிறகு கூர்முனையே இடம் மாறத் தொடங்கிவிட்டது. தாங்கியைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து 100ஐப் போட்டான். முதல் அம்பு கூர்முனைக்கு ஒன்றரை அங்குலம் தள்ளி. ஒரு மயிரிழை நகர்த்தினான். அடுத்தது ஒட்டிக்கொண்டு நின்றது, கூர்முனை அம்பின் ஒரு இறகைச் சீவிக்கொண்டு. பனிக்காடு சொன்னதை நான் அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன், இறகுக் காசு என் கணக்கில்.

100தான். விட்டுப் பார்த்த முனைக்குப் புது அலகு போட்டாயிற்று, முழங்கையில் வழித்துக் காட்டினான், கமராவில் நன்றாகவே தெரிந்தது. 25 யாருக்கு அப்பால் விட மாட்டேன் என்று தாயின் முன்னாலேயே வாக்குக் கொடுத்திருக்கிறான்.

125 பக்கெட்டைத் திறந்துவிட்டபடியால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். யாருக்காவது வேண்டுமா?

---

கிண்ணியா_லேத் (திங்கள், காலை 9.00)

சுங்கத்தில் யார் போய் விளக்கம் சொல்வது? பனிக்காட்டுக்கே கொடுத்துவிடச் சொல்லு.

---

நிலாவெளி_தூண்டில் (திங்கள், காலை 9.20)

ஒரு பவுன் எடை என்றீர்கள். கரையில் பாரை விடுகிற நாளில் அந்த அளவு ஈயம்தான் எனக்கு வேண்டும், அனுப்புங்கள்.

---

ஓர்ஸ்ஹில்_வாத்தியார் (திங்கள், காலை 9.35)

தம்பி, மூன்று பக்கமும் சவர அலகு. உம்முடைய தங்கூசி என்னத்துக்கு ஆகும்?